கணினி யூஎஸ்பியில் பேட்டரிக் கருவிகள்: கேள்வி பதில்

கே: ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு 2 ஆம்பியர் சார்ஜர் வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. லேப்டாப்பில் செருகினால் லேப்டாப் கெடுமா சார்?

ப: கெடாது. மின்னோட்டத்தைக் கருவிதான் இழுக்கிறது, கணினி திணிப்பதில்லை. யூஎஸ்பி 2.0 விதிப்படி கருவி முதலில் 100 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். கணினி அனுமதித்த பிறகு 500. யூஎஸ்பி 3.0 என்றால் 900. ஒழுங்காகச் செய்த கருவி இதற்குள் நின்று மெதுவாக சார்ஜ் ஆகும்.

கே: யூஎஸ்பியின் 5 வோல்ட்டை ஒரு டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வழியாக நேரே லித்தியம் செல்லுக்குக் கொடுத்தால் 4.3 தானே வரும்? சார்ஜர் சிப் எதற்கு?

ப: தயவுசெய்து வேண்டாம். வழக்கமான லித்தியம் அயான் செல்லின் உச்சம் 4.2 வோல்ட். டயோடில் 0.7 விழும் என்பது நல்ல மின்னோட்டம் ஓடும்போது மட்டும். செல் நிரம்ப நிரம்ப மின்னோட்டம் குறையும், டயோடின் வீழ்ச்சியும் குறையும், செல்லின் வோல்ட்டேஜ் 4.3-ஐயும் தாண்டி ஏறிக்கொண்டே போகும். எந்த நேரத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த நேரத்தில்தான் டயோடு கைவிடுகிறது. தொடக்கத்தில் காலியான செல் எவ்வளவு இழுக்கும் என்பதற்கும் கட்டுப்பாடு இல்லை. செல்லுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே சார்ஜர் சிப் இருந்தே ஆக வேண்டும்.

கே: டிபி4056 (லித்தியம் செல்லுக்கான சார்ஜர் சிப்) போர்டில் செல், அதே செல்லில் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறிய கன்ட்ரோலர் சிப்). கணினியில் செருகியபடியே வைஃபை ஓடுகிறது. சரியா அண்ணா?

ப: இரண்டு சிக்கல். கடையில் வரும் போர்டில் சார்ஜ் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அது 1 ஆம்பியர் கேட்கும். 2.0 போர்ட்டுக்கு அது இரண்டு மடங்கு. 3 கிலோ ஓம் மாற்றினால் சுமார் 400 மில்லி ஆம்பியர். அடுத்தது, அந்த சிப் தான் கொடுக்கும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் சார்ஜை முடிக்கும். உங்கள் வைஃபை அதைக் குறையவே விடாது. செல் முழு நேரமும் 4.2-லேயே நிற்கும், சீக்கிரம் சோர்ந்துபோகும்.

கே: நான் குறுக்கிடுகிறேன். 1 ஆம்பியர் வைத்தால் சார்ஜ் நிற்கும் அளவு, அதாவது கட்-ஆஃப், 100 மில்லி ஆம்பியர். என் சென்சார் 20 மில்லி ஆம்பியர்தான் எடுக்கிறது. அழகாக நிற்கிறது. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

ப: உங்கள் கணக்கு சரி, உங்கள் சென்சாருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவருடையது வைஃபை. கணினிக்காக 400-க்குக் குறைத்தால் கட்-ஆஃப் 40-க்கு இறங்கும். விடாமல் ஓடும் வைஃபை அதைத் தாண்டிவிடும்.

கே: அப்படியென்றால் 1 ஆம்பியரிலேயே விடட்டுமே. என் கணினி தாராளமாகத் தருகிறது.

ப: உங்கள் கணினி தருகிறது. இதைப் படிக்கும் இன்னொருவரின் பழைய மதர்போர்டு தருமா? விதியை மீறிய சுமையைப் பொதுவான ஆலோசனையாகச் சொல்ல மாட்டேன். சரியான வழி பவர் பாத்: யூஎஸ்பி இருக்கும்போது சுமை நேரே 5 வோல்ட்டில் ஓடும், செல் தனியாக சார்ஜ் ஆகும். பி-சேனல் மாஸ்ஃபெட் (மின்சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஒன்று, ஷாட்கி டயோடு (வோல்ட்டேஜ் வீழ்ச்சி குறைவான டயோடு) ஒன்று, மாஸ்ஃபெட்டின் கேட் காலுக்கு ஒரு ரெசிஸ்டர். வேலை முடிந்தது.

கே: லேப்டாப்பில் பவர் பேங்க் போட்டால் லேப்டாப் கெடுமா?

ப: முதல் பதிலில் சொன்னதுதான், கெடாது.

கே: தனி அடாப்டர் உள்ள ஹப் ஒன்று வைத்திருக்கிறேன். கணினியை அணைத்தாலும் கணினியின் விளக்கு மங்கலாக எரிகிறது.

ப: ஹப்பின் 5 வோல்ட் பின்வழியாகக் கணினிக்குள் ஏறுகிறது. மலிவான ஹப்களில் அதைத் தடுக்கும் பகுதியையே விட்டுவிடுகிறார்கள். அந்த ஹப்பை மாற்றுங்கள். இரு முனையும் ஏ வகையாக (கணினியில் செருகும் தட்டையான முனை) இருக்கும் கேபிளையும் தொடாதீர்கள், அதே ஆபத்து.

கே: லேப்டாப் உலோகத்தைத் தொட்டால் சுர்ரென்கிறது.

ப: எர்த் விஷயம். வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கே: செல் லேசாக உப்பியிருக்கிறது, சார்ஜ் ஏறுகிறது. டயோடு போட்டு மெதுவாக ஏற்றலாமா?

ப: உடனே கழற்றுங்கள். டயோடும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

கே: என் டிபி4056 போர்டில் எந்த ரெசிஸ்டரை மாற்றுவது?

ப: சிப்பின் 2-ஆம் காலில் இருந்து கிரவுண்டுக்குப் போவது. பெரும்பாலும் மேலே 122 என்று எழுதியிருக்கும். வேறு எண் இருந்தால் படம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.