உருண்டை மூக்கைக் கூராக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. மூக்கு நுனி உருண்டையாகவும் துவாரங்கள் அகலமாகவும் இருக்கின்றன. ஆபரேஷனில் சரியாகுமா? தழும்பு தெரியுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஓரளவு சரியாகும். முகவளர்ச்சி முடிந்த வயது, அதனால் தடையில்லை. நுனிக்கு வடிவம் தருவது இருபக்கமும் வளைந்திருக்கும் குருத்தெலும்பு. அதன் மேல்விளிம்பைச் சிறிது நறுக்கி, இரண்டையும் தையலால் நெருக்கினால் நுனி ஒடுங்கும். ஆசைப்பட்டு அதிகம் வெட்டச் சொல்லாதீர்கள். குறைந்தது 6 மி.மீ. அகலமாவது மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் மூச்சிழுக்கும்போது பக்கச்சுவர் உள்ளே அமுங்கி மூக்கடைக்கும்.

அதைவிட முக்கியம் தோல். தடித்த தோல், உள்ளே செதுக்கியதை வெளியே காட்டாது. அப்படிப்பட்டவர்களுக்கு வெட்டுவதைவிட, மூக்கின் நடுச்சுவரிலிருந்தோ காதிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து நுனியை நிமிர்த்துவதே பலன் தரும்.

துவாரத்தைக் குறைக்க, மூக்குமடல் கன்னத்தைத் தொடும் இடத்தில் சில மி.மீ. மட்டும் வெட்டி எடுப்பார்கள். தழும்பு பெரும்பாலும் மடிப்பில் மறைந்துவிடும். ஆனால் எடுத்த சதையைத் திருப்பி வைக்க முடியாது. குறைவாக எடுப்பவரே நல்ல சர்ஜன்.

மூக்குத்தியை முன்பே கழற்றிவிடுங்கள். சுமார் ஒரு வாரம் கட்டு இருக்கும். நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் ஆகும், தடித்த தோலுக்கு இன்னும் கூட. முதல் மாதமே கண்ணாடி பார்த்து அழ வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள்.