இரண்டு ‘மீட்டியோர் கார்டன்’: தோழி சொன்ன 27 பகுதி எங்கே?

‘மீட்டியோர் கார்டன்’ தொலைக்காட்சித் தொடர் 27 பகுதி என்று உங்கள் தோழி சொன்னார், உங்களுக்கோ 49 காட்டுகிறது, வெட்டிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். தோழி சொன்ன 27 பகுதித் தொடர் 2001இல் தைவானில் வந்தது. உங்களுக்கு 49 பகுதிகள் காட்டுவது 2018இன் சீனத் தொடர். எதுவும் வெட்டப்படவில்லை, தொடரே வேறு.

பெயர் ஒன்று, நாயகன் தாவ்மிங் சி என்பதும் ஒன்று, தயாரிப்பாளர் ஏஞ்சி சாயும் ஒருவரே. குழம்பாமல் இருந்தால்தான் வியப்பு! மூலக்கதை யோகோ காமியோவின் ஜப்பானிய மங்கா, அதாவது படக்கதை. கொரியாவில் 2009இல் லீ மின்ஹோ நடித்ததும் இதே கதைதான்.

எது எதுவென்று அறிய நாயகனாக நடித்தவர் பெயரைப் பாருங்கள். ஜெர்ரி யான் என்றால் பழையது, டிலன் வாங் என்றால் புதியது. பகுதி எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். சில தளங்கள் பகுதிகளைப் பிரித்தும் சேர்த்தும் போடுகின்றன.

தோழி சொன்ன முரட்டு நாயகன் உங்கள் தொடரில் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். புதியதில் அந்த முரட்டுத்தனத்தை நன்றாகவே தணித்துவிட்டார்கள். பார்க்க இதம்தான், ஆனால் அவன் திருந்துவதில் பழைய கனம் இல்லை. பழையதில் படத்தரம் மங்கல். கொடுமைப்படுத்தும் காட்சிகளும் கடுமையானவை. அது ஒவ்வாது என்றால் புதியதையே தொடருங்கள்.

நேரம் குறைவென்றால் இதே கதையை வைத்து வந்த 2005இன் ஜப்பானியத் தொடர் இருக்கிறது, ஒன்பதே பகுதிகள். என் ஓட்டு அதற்குத்தான்.