வளர்ப்புப் பராமரிப்புக்கு வந்த பையன் சாப்பாட்டை ஒளித்து வைக்கிறான், திட்டலாமா?

வளர்ப்புப் பராமரிப்பில் (சொந்த வீட்டில் இருக்க முடியாத பிள்ளையை வேறு குடும்பம் கொஞ்ச காலம் வைத்து வளர்ப்பது) எட்டு வயதுப் பையன், வந்து இரண்டு மாதம், தலையணைக்கு அடியில் பிஸ்கட் பதுக்குகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டாதீர்கள். அது திருட்டு இல்லை. அடுத்த வேளை சோறு நிச்சயமில்லாமல் இருந்த பிள்ளைகள் பலர் செய்யும் முன்னேற்பாடு. ஒரு டப்பாவில் முறுக்கு, கடலைமிட்டாய் போட்டு, "இது உன்னுது, எப்ப வேணா எடுத்துக்கோ" என்று அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். காலியானால் கேள்வி கேட்காமல் நிரப்புங்கள். பதுக்கல் குறைய மாதக்கணக்கில் ஆகலாம்.

முதலில் சமர்த்தாக இருந்துவிட்டு அப்புறம் கத்தல், அடம் என்று ஆரம்பித்தாலும் பதறவேண்டாம். இவர்களும் என்னை அனுப்பிவிடுவார்களா என்று சோதிக்கிறான். அந்த நேரத்தில் விளையாட்டுக்குக்கூட "திரும்பக் கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

பெற்ற அம்மாவைப் பற்றி அவன் பேசினால் காது கொடுங்கள், குறை சொல்லவேண்டாம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி வளர்ப்புப் பராமரிப்பு தத்து இல்லை. அவன் சொந்த வீட்டுக்கே திரும்பவும் கூடும். அங்கிருந்து கொண்டுவந்த பழைய சட்டை கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். (விசாரிக்கும் பக்கத்து வீட்டாருக்கு அவன் கதை தேவையில்லை.)

தூக்கமே இல்லை, படுக்கை நனைகிறது, தன்னையே அடித்துக்கொள்கிறான் என்றால் காத்திருக்காமல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சொல்லி மனநல ஆலோசகரைக் கேளுங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை. உங்களுக்காகவும் கூப்பிடலாம்.