பெட்டியைத் தொட்டால் ஹம் நிற்கிறது: தாமிரத் தகடு தேவையா?

கீழக்கரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்இ5532 ஐசி கொண்டு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும், பிசிஎம்2704 கொண்டு யுஎஸ்பி ஒலி மாற்றியும் செய்து, டிரான்ஸ்பார்மருடன் ஒரே இரும்புப் பெட்டியில் பொருத்தினேன். 'ஹம்' என்ற ரீங்காரம் கேட்கிறது, பெட்டியைத் தொட்டால் நின்றுவிடுகிறது. எட்டே மாதத்தில் திருகாணிகள் துருவேறி, வால்யூமும் கரகரக்கிறது. உள்ளே தாமிரத் தகடு ஒட்டிய அலுமினியப் பெட்டியை 3,800 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். தொட்டால் சத்தம் நிற்கிறதென்றால், பெட்டி எதனோடும் இணையாமல் தனித்து நிற்கிறது என்று பொருள். விட்டுப்போன இணைப்பை உங்கள் உடம்பு செய்துகொடுக்கிறது. உள்ளே 230 வோல்ட் வருகிற உலோகப் பெட்டியை அப்படி வைத்திருப்பது ஹம்மைவிடப் பெரிய ஆபத்து என்பதால், திருத்தும்வரை அதைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். மூன்று முள் பிளக்கின் பச்சை எர்த் கம்பி நேராகப் பெட்டியில் முடுக்கப்பட வேண்டும். சர்க்யூட்டின் கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட் பொதுக் கம்பி), உள்ளீட்டுச் சாக்கெட்டின் அருகே ஒரே ஓர் இடத்தில் மட்டும் பெட்டியைத் தொட வேண்டும். ஹெட்போன் சாக்கெட்டின் உலோகக் கழுத்து இரண்டாவது தொடுமிடமாகிவிடாதபடி, பிளாஸ்டிக் கழுத்துள்ளதைப் போடுங்கள்.

தாமிரத் தகடு விற்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். டிரான்ஸ்பார்மரின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்கத் தாமிரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். அவர்கள் ஒட்டித் தருவதோ காகிதம்போன்ற தகடு. அதைவிட மோசம், உப்பு ஈரம் படும் இடத்தில் தாமிரமும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும், அதாவது நீங்கள் பணம் கொடுத்துப் பெட்டியை அரிக்க விடுகிறீர்கள். இதே வகையினர்தான், 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாத பிசிஎம்2704 பலகையின் மீது '24 பிட்' என்று அச்சிட்டு விற்கிறார்கள். எழுத்தைச் சுரண்டி வேறு பெயர் பொறித்த ஐசிகளும் இவர்கள் வழியாகவே வருகின்றன.

துருவுக்குக் காரணம் இரும்பு அல்ல, உங்கள் ஊரின் உப்புக் கடற்காற்று. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே, படிந்த உப்பு தானாக நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானச் சோதனைக்கென்றே ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபம் என்ற கடலோர ஊரில் நிலையம் வைத்திருப்பது இந்தக் காற்றின் குணத்துக்குச் சான்று. ஆகவே இருக்கிற பெட்டியையே தேய்த்து, துளைகளின் வெட்டு விளிம்புகள் உட்பட ரெட் ஆக்சைடும் அதன்மேல் எனாமலும் அடித்து, திருகாணிகளை மட்டும் ஸ்டெயின்லெஸுக்கு மாற்றுங்கள். காற்றுத் துளைகளை அடைத்துவிடுங்கள்; இந்த ஐசி கால் வாட் அளவே சூடாகும்.

பெயிண்டுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். எர்த் கம்பி முடுக்கப்படும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயமளவு பெயிண்ட் இருக்கவே கூடாது. அங்கே பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மல்டிமீட்டரில் பிளக்கின் எர்த் முள்ளுக்கும் பெட்டிக்கும் இடையே ஓம் ஏறக்குறைய பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே, மேலே கிரீஸ் தடவுங்கள். முதலில் கிரீஸ், பிறகு இறுக்கம் என்று செய்தால் பயனில்லை. மூடியும் தனி உலோகத் துண்டாக இருந்தால், அதற்கும் இதே சுரண்டலும் ஒரு கம்பியும் வேண்டும். அலுமினியப் பெட்டி வாங்கியிருந்தாலும் இந்தத் தொல்லை தீராது. அலுமினியத்தின் மேல் ஏற்றப்படும் 'அனோடைஸ்' என்ற ஆக்சைடு பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது.

வால்யூம் கண்ட்ரோலைப் புதிதாக மாற்றுங்கள். எண்ணெய் ஸ்பிரே சில வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. பற்றவைக்கும்போது தகரப் பட்டறை 'ஆசிட்' பக்கமே போகாதீர்கள். அதன் எச்சம் பலகைக் கம்பிகளைத் தின்றுவிடும். ரோசின் உள்ள ஈயமே போதும். வேலை முடிந்ததும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் கழுவி, சாக்கெட், வால்யூம் தவிர மற்றவற்றின் மேல் அக்ரிலிக் லாக்கர் அடியுங்கள்.

இவ்வளவும் உங்கள் வீட்டில் எர்த் உண்மையாக இருந்தால்தான். மின் இணைப்பு வாங்கும் நாளில் படிவத்தில் எர்த் இருப்பதாகக் கையெழுத்து விழுந்துவிடுகிறது. குழியை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை, உப்பு மண்ணில் புதைத்த குழாய் எப்போது அரித்துப்போனது என்றும் எவருக்கும் தெரிவதில்லை. சில வீடுகளில் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கிவைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியிருந்து நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால், உங்கள் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சாக்கெட்டைத் திறந்து பார்த்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். அதன் பிறகே பிளக்கைச் செருகுங்கள்.