பள்ளி இனப்பிரிவினை நீக்கக் காலத்து நட்பைச் சிறார் நாவலாக எழுதலாமா?

அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனியாக வைத்த இனப்பிரிவினை நீக்கப்பட்ட காலத்தில் ஒரு கறுப்பினச் சிறுமிக்கும் வெள்ளையினச் சிறுமிக்கும் ஏற்படும் நட்பைப் பத்து வயதினருக்கான நாவலாக எழுதினால், அது வரலாற்றுக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருந்தும், ஆனால் அந்த நட்பை எளிதில் கிடைத்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்து ஆறு ஆண்டுகள் கழிந்த பிறகே, 1960 நவம்பர் 14 அன்று, ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் கூட்டாட்சி மார்ஷல்களின் (மத்திய அரசின் காவல் அதிகாரிகளின்) காவலோடு நியூ ஆர்லியன்ஸில் உள்ள வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தாள். வெள்ளையினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டதால், பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அந்த ஆண்டு முழுவதும் அவள் ஒருத்திக்காகவே வகுப்பு நடத்தினார். இதை என் மகளுக்குச் சொன்னபோது, ரூபியை எதிர்த்துப் பள்ளி வாசலில் நின்று கூச்சலிட்ட கூட்டத்தைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை, "அப்படியென்றால் அவள் யாரோடு விளையாடினாள்?" என்றுதான் கேட்டாள். உங்கள் நாவல் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். பின்னர் ஒரு வெள்ளையினச் சிறுவன், அவளோடு விளையாடக் கூடாது என்று தன் அம்மா சொல்லியிருப்பதாகக் கூறியபோதுதான், அத்தனை ஆரவாரமும் தன் நிறத்துக்காக என்பது ரூபிக்குப் புரிந்தது.

1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்களுள் ஒருவரான டெரன்ஸ் ராபர்ட்ஸிடம் இயற்கணிதப் புத்தகம் இல்லாதபோது, ஒரு வெள்ளையின மாணவி தன் மேசையை அவர் பக்கம் நகர்த்தித் தன் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்நாளில் நட்பு பெரும்பாலும் இவ்வளவு சிறியதாகத்தான் இருக்க முடிந்தது. அதைச் செய்தவர்களும் சக மாணவர்களின் வெறுப்புக்கு ஆளாயினர். எனினும் உங்கள் இரு சிறுமிகள் கொடுக்கும் விலையைச் சமமாகக் காட்டாதீர்கள்: வெள்ளையினச் சிறுமி விலகிக்கொள்ள முடியும், மற்றவளால் முடியாது.

சமரசத்திலும் அவசரம் வேண்டாம். அதே பள்ளி வாசலில், அந்த ஒன்பது பேரில் ஒருவரான எலிசபெத் எக்ஃபோர்டைப் பின்தொடர்ந்து கத்தியதாகப் புகைப்படத்தில் பதிவான வெள்ளையின மாணவி ஹேசல் பிரையன், சில ஆண்டுகளில் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். 1997இல் இருவரும் சந்தித்துத் தோழிகளானார்கள். ஆனால் அந்த உறவு நெடுநாள் நிலைக்கவில்லை. சிறுவர்கள் இதைத் தாங்கமாட்டார்கள் என்று எண்ணி மறைக்க வேண்டியதில்லை.

கறுப்பினச் சிறுமிக்கு அவளுடைய வீடு, தேவாலயம், பழைய பள்ளியின் அன்பான ஆசிரியை என ஒரு முழு உலகத்தைக் கொடுங்கள். வீட்டு நிலைமையும் கதையைத் தீர்மானிக்கும்: அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்ட அன்று எக்ஃபோர்டு கூட்டத்தின் நடுவே தனியாக நடந்ததற்குக் காரணம், ஒன்பது பேரும் சேர்ந்து போகலாம் என்ற செய்தி தொலைபேசி இல்லாத அவர் வீட்டுக்குச் சென்று சேராததே.