1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் வேல்ஸ் எல்லையில் எழுப்பிய மண்-மரக் கோட்டைகள் வெறும் தற்காலிக ஏற்பாடுதானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மான்ட்கோமரி நகருக்கு அருகிலுள்ள ஹென் டோமென் கோட்டையே அதற்குச் சான்று. செவர்ன் ஆற்றைக் கடக்கும் துறையொன்றைக் காவல் காக்க 1070-களில் நார்மன் பிரபு ரோஜர் டி மான்ட்கோமரி எழுப்பிய இக்கோட்டை, 1095-இல் வேல்ஸ் படையினரிடம் வீழ்ந்தும் கைவிடப்படவில்லை. 1223-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி அருகிலிருந்த பாறைமுகட்டில் கற்கோட்டையைத் தொடங்கும்வரை அதுவே அப்பகுதியின் முதன்மையான அரணாக இருந்தது.

மண்ணையும் மரத்தையும் நாடியதற்கு வேகமே முக்கியக் காரணம்: அகழியில் வெட்டிய மண்ணே காவல்மேடாகவும் கரையாகவும் உயர்ந்துவிடும், கல்தச்சர்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மரம் மக்கும் என்பது உண்மைதான். ஆனால் மக்கியதை அகற்றி, அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கட்டினார்கள்.

1960-இல் ஃபிலிப் பார்க்கர் தொடங்கி, பின்னர் ராபர்ட் ஹைகமும் இணைந்து, 30 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த அகழாய்வில்தான் இது தெளிவானது. நின்ற மரம் எதுவும் மிஞ்சாத நிலையில், தூண் நட்ட குழிகளின் மண் நிறமாற்றத்தைக் கொண்டே அவர்கள் கட்டடங்களை அடையாளம் கண்டார்கள். வெளிமுற்றம் வெற்றிடமாக இல்லாமல் கட்டடங்களால் நெருக்கமாக நிறைந்திருந்தது. கோட்டைக்கு அடியிலோ, நார்மன்கள் வருவதற்கு முன்பு உழுத வயலின் சால்கள் அப்படியே கிடந்தன. பெரும் பிரபுவின் கோட்டை என்றபோதிலும் ஆடம்பரப் பொருள்கள் மிக அரிதாகவே கிடைத்தன என்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது.