குழாய்ப் பாதையை மறிக்கிறவர் கையில் ஒரு பழைய காகிதம் இருக்கும்

கேள்வி: நான் தூத்துக்குடிக்காரன். எண்ணெய்க் குழாய்ப் பாதை பராமரிப்பில் 11 வருட அனுபவம் உண்டு. நைஜீரியாவில் போர்ட் ஹார்கோர்ட்டில் ஒரு ஒப்பந்த நிறுவனம் சைட் மேனேஜர் வேலை தருகிறது. பாதை போகும் ஊர்களோடு பேசுவதும் என் பொறுப்பாம். ஊர்க்காரர்கள் வேலையை மறித்துப் பணம் கேட்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: மறிப்பார்கள். நான் அங்கே குழாய் வேலையில் இருந்த ஆறு வருடத்தில் மறியல் இல்லாத மாதம் என்று ஒன்று நினைவில் இல்லை. ஆனால் ‘சமாளிப்பது’ என்ற சொல்லை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். உங்களை மறிக்கிறவருக்கு உங்கள்மேல் கோபமில்லை. உங்களுக்கு முன்னால் வந்த யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, நிறைவேற்றாமல் போன ஒரு வாக்குறுதிக்காகத்தான் பெரும்பாலும் அவர் நிற்பார்.

நான் போன முதல் வாரம், ஒரு ஊர்ப் பெரியவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. குடிநீர்த் தொட்டி, படகுத்துறை, பத்துப் பையன்களுக்கு வேலை. தேதியைப் பார்த்தால் ஒன்பது வருடம் பழசு. கையெழுத்துப் போட்ட நிறுவனம் எப்போதோ மூட்டை கட்டிவிட்டது. நான் படித்து முடிக்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “நீயும் இதே மாதிரி ஒன்று தரப்போகிறாயா?”

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று புரிய, கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். 1956இல் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. 1990இல் உமுவெச்செம் என்ற ஊரில் மக்கள் போராடியபோது ஷெல் நிறுவனம் போலீஸ் பாதுகாப்பு கேட்டது. வந்த போலீஸ் சுமார் 80 பேரைக் கொன்றது, 495 வீடுகளை நாசமாக்கியது. அதே கழிமுகத்தில் வாழும் ஒகோனி மக்களின் எதிர்ப்பால் 1993இல் ஷெல் அந்தப் பகுதியை விட்டு வெளியேறியது. அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்த கென் சாரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் ராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. அதனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மறியல் நடந்தால் ஆயுதப் படையைக் கூப்பிடும் ஆளாக நீங்கள் இருக்காதீர்கள். உங்களுக்கு அது ஒரு போன் கால். அந்த ஊருக்கு அது 1990.

சரி, உங்கள் அன்றாட வேலைக்கு வருவோம். எண்ணெய் கசிந்தால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் அரசின் கசிவு முகமைக்குச் சொல்ல வேண்டும். பிறகு நிறுவனம், அரசு அதிகாரிகள், ஊர்ப் பிரதிநிதிகள் எல்லோரும் சேர்ந்து இடத்தைப் பார்ப்பார்கள். இந்தக் கூட்டு ஆய்வை ஜே.ஐ.வி. என்பார்கள். அதன் முடிவில் ஒரு படிவம் நிரப்புவார்கள். அங்கே உங்கள் நல்ல பெயர், கெட்ட பெயர் எல்லாமே அந்தப் படிவத்தில்தான்.

அதில் இரண்டு கட்டங்களைக் கவனியுங்கள். ஒன்று, காரணம். குழாய் துருப்பிடித்து உடைந்தது என்றால் நிறுவனம் நஷ்ட ஈடு தர வேண்டும். வெளியாள் வேண்டுமென்றே உடைத்தது என்றால் அந்நாட்டுச் சட்டப்படி தர வேண்டியதில்லை. ஒரு சொல்லில் ஒரு ஊரின் பிழைப்பு நிற்கிறது. எண்ணெய்த் திருட்டு அங்கே உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் படகில் ஏறும் முன்பே ‘நாசவேலை’ என்று எழுதிக்கொண்டு வந்த படிவத்தையும் பார்த்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். கோய், ஒருமா ஊர்களின் கசிவுக்கு நாசவேலைதான் காரணம் என்று ஷெல் வாதிட்டது. அது போதுமான அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை என்று 2021இல் நெதர்லாந்தின் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது கட்டம், அளவு. இதற்குப் போடோ ஊர்க் கதை போதும். 2008இல் அங்கே பெரிய குழாய் உடைந்து வாரக்கணக்கில் எண்ணெய் ஓடியது. படிவத்தில் எழுதியது மொத்தம் 1,640 பீப்பாய். அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்புக்காக வீடியோவைப் பார்த்துக் கணித்த நிபுணரோ, ஒரு நாளைக்கே 1,440 முதல் 4,320 பீப்பாய் வரை போயிருக்கும் என்றார். கசிவு தொடங்கிய தேதியிலும் ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு மாதத்துக்கு மேல் வித்தியாசம். மறு வருடம் நிவாரணமாக வந்தது என்ன தெரியுமா? 50 மூட்டை அரிசி, 50 மூட்டை பீன்ஸ், 50 மூட்டை மரவள்ளி மாவு, இன்னும் சர்க்கரை, தேயிலை, தக்காளி. ஊரின் மக்கள்தொகை சுமார் 69,000. சதுப்புக் காடு கருகி, மீனும் நண்டும் போன ஊர் அது. மூட்டைகளை முதலில் வாங்க மறுத்தார்கள். லண்டனில் வழக்குப் போட்டார்கள். 2015இல் ஷெல் 5.5 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அந்த நேரத்தில்தான், முதலில் சொன்ன அளவு குறைவு என்பதையும் ஏற்றது. அதனால் உங்கள் போனில் தேதியோடு படம் எடுங்கள், அளந்ததை மட்டும் எழுதுங்கள், நகலை ஊர்க்காரர் கையில் அன்றே கொடுங்கள்.

பணம் கேட்டால்? ரொக்கமாக யாருக்கும் கொடுக்காதீர்கள். இளைஞர் தலைவர் என்று ஒருவர் வருவார், கொடுத்தால் மறுவாரம் வேறொரு தலைவர் வருவார். அதைவிட மோசம், ஊருக்குள்ளேயே அடிதடி வரும். வேலை செய்தால் கூலி, வலை கெட்டால் ரசீதோடு ஈடு, அதுவும் ஊர்ச் சபையில் எல்லோர் முன்னாலும். அந்தச் சபைக்குப் பெண்களையும் கூப்பிடுங்கள். ஆற்றோரம் சிப்பியும் நத்தையும் பொறுக்குகிறவர்கள் அவர்கள், தண்ணீரில் எண்ணெய்ப் படலத்தை முதலில் பார்ப்பதும் பெரும்பாலும் அவர்களே. 2002இல் செவ்ரான் எண்ணெய் நிறுவனத்தின் எஸ்க்ராவோஸ் ஏற்றுமதி முனையத்தை உள்ளே புகுந்து சுமார் பத்து நாள் பிடித்து வைத்திருந்தவர்கள் உக்போரோடோ ஊர்ப் பெண்கள். வேலை, மின்சாரம், பள்ளிக்கூடம் கேட்டார்கள். நிறுவனம் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

2021இன் பெட்ரோலியத் தொழில் சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் எடுக்கும் நிறுவனம் முந்தைய வருட இயக்கச் செலவில் 3 சதவீதத்தை ஊர் மேம்பாட்டு அறக்கட்டளைக்குப் போட வேண்டும். நாசவேலையில் ஏதாவது உடைந்தால் பழுதுபார்க்கும் செலவு அந்த ஊரின் பங்கிலிருந்து கழியும். யாரோ இரவில் செய்த திருட்டுக்கு ஊரே தண்டம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படி இருப்பதால், நீங்கள் காரணக் கட்டத்தில் எழுதும் சொல் அந்த ஊரின் நிதியையும் தொடும். ஒப்பந்தக்காரரான நீங்கள் அந்த அறக்கட்டளைப் பணத்தில் எதையும் வாக்குக் கொடுக்க முடியாது. அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஷெல் தன் நிலப்பகுதித் தொழிலை 2025 மார்ச்சில் ரெனைசன்ஸ் என்ற கூட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. மக்களுக்கோ குழாய் அதே குழாய். பழைய கடன் யாருடையது என்று உங்களிடம்தான் கேட்பார்கள்.

ஆகவே வேலை ஆணையில் கையெழுத்துப் போடும் முன்பு அந்த நிறுவனத்திடம் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பாதையில் வரும் ஒவ்வொரு ஊரோடும் இதுவரை போட்ட ஒப்பந்த நகல்கள். கடைசி ஐந்து வருடக் கசிவுப் படிவங்கள். கொடுத்தால் தைரியமாகப் போங்கள், அருமையான மனிதர்கள் அவர்கள். “அதெல்லாம் உங்களுக்கு எதற்கு” என்றார்கள் என்றால், சம்பளம் எவ்வளவு இருந்தாலும் நான் போகமாட்டேன்.